பூஜ்யம் வைக்கும் நாற்காலி

அந்த நாற்காலிக்குக் கை வைத்துக்கொள்ள இருபுறமும் கட்டை உண்டு. முதுகுக்கு வலை போட்ட சாய்மானம். அடியில் சக்கரம். கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலைகள் இன்னும் சில இருக்கின்றன. ஆனால் மணிக்கட்டு நோகாமல் உட்கார்ந்து செய்கிற வேலை அந்த நாற்காலியில் மட்டும்தான். அதில் யார் உட்காருவது என்பதுதான் பிரச்சினை.

மூத்தவள் தனக்குத்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இளையவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். மாமியார் வாயில் அவர்களுக்கு அதுதான் பெயர். கம்பெனியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இளையவளைக் கையைப் பிடித்து வேலைக்குக் கூட்டிவந்தவளே மூத்தவள்தான். "என் ஓரகத்தி, கை சுத்தம், வாய் கம்மி" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அந்த நாக்கை இப்போது கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கே செய்வது காந்தக் கீபோர்டு. ஆபீசில் கடிதம் அடிக்கிற கீபோர்டு வேறு, இது வேறு. போட்டி வைத்து விளையாடுகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். பழைய கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் உள்ளே இரண்டு தகடு ஒன்றையொன்று தொட வேண்டும், தொட்டால்தான் கணக்கு. இதில் தொடுகிற வேலையே இல்லை. ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் ஒரு சுவிட்ச். சுவிட்சுக்குள் ஒரு தண்டு. தண்டின் கால்மாட்டில் மிளகைவிடச் சின்னதாக ஒரு காந்தம். அது கிட்டே வருகிறதா, எட்டிப் போகிறதா, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதெல்லாம் கீழே பலகையில் இருக்கிற சில்லுக்குத் தொடாமலே தெரிந்துவிடும். விரல் மயிரிழை இறங்கினால் திரையில் ஆள் ஓடுவான், மயிரிழை ஏறினால் நிற்பான். அந்த மயிரிழையில்தான் போட்டியில் ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறதாம்.

மூத்தவளுக்குச் சுவிட்ச் வரிசையில் வேலை. குட்டி டப்பாவுக்குள் ஸ்பிரிங்கை நிறுத்தி, காந்தத் தண்டை அதன்மேல் இறக்கி, மூடியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். டிக். அடுத்தது. டிக். ஆண்டுக்கணக்கில் அதே டிக் டிக்கில் அவள் வலது மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறாமல் போய்விட்டது.

ஸ்பிரிங் சில சமயம் கையை விட்டுத் தெறிக்கும். குனிந்து தேடினால் வரிசை நின்றுபோகும். அதற்கு அந்த வரிசைப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓரம் உடைந்து கழித்துப்போடுகிற காந்தங்களை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். மடிப்பக்கம் தெறிக்கிற ஸ்பிரிங் தானாக வந்து பையின் மேல் ஒட்டிக்கொள்ளும். மூத்தவளின் பையில் அப்படிச் சேர்ந்தது ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு எலுமிச்சம்பழம் போல உருண்டு திரண்டிருந்தது. அது அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. தன் மூக்கு தன் கண்ணுக்கு எங்கே தெரிகிறது?

சுவிட்ச் பூட்டிய கீபோர்டுகள் கடைசியாகக் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குப் போகும். அங்கே நடக்கிற வேலைக்குக் கம்பெனியில் 'பூஜ்யம் வைக்கிறது' என்று பெயர். கீபோர்டை மேசையில் வைத்து, யாரும் தொடாமல், மிஷினைத் தட்ட வேண்டும். 'சும்மா இருக்கும்போது இப்படித்தான் இருப்பேன்' என்று ஒவ்வொரு பொத்தானும் அப்போது பதிந்துகொள்ளும். அங்கேதான் அந்த நாற்காலி.

அதில் உட்கார்ந்திருந்தவர் வேலையை விட்டுப் போனதும் மூத்தவள் வீட்டிலேயே சொல்லிவிட்டாள், "அடுத்து நான்தான்" என்று. சூப்பர்வைசரோ இளையவளைக் கூப்பிட்டார். அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் குண்டூசி. உடம்பு ஒல்லி, தலை பெரிசு, பேச்சு குத்தல்.

"போட்டி ஆடற அணிக்காரங்க கீபோர்டு கேட்டிருக்காங்க. ஆட்டக்காரப் பையன் நேர்ல வந்து ஆடிப் பாப்பான். அவன் சரின்னு சொல்லிட்டான்னா நாற்காலி உனக்கே. அதுவரைக்கும் வெள்ளோட்டம்" என்றார் குண்டூசி.

இளையவள் திரும்பி மூத்தவளைத்தான் பார்த்தாள். "அக்கா, நான் போகட்டா?"

"என்னை எதுக்குக் கேக்கற? மகாராணி சிம்மாசனத்துக்கு யாரைக் கேட்டுப் போவா?" என்று மூத்தவள் சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போனால் அங்கே அதைவிட மோசம். மாமியார் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இளையவள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இளையவ கை பஞ்சு. அமுக்கினா கண்ணு சொக்குது" என்றாள் மாமியார்.

"ஏன் அத்தை, என் கைக்கு என்ன கேடு?"

"உன் கையா? டக்கு டக்குன்னு அமுக்குவ. என் முட்டிக்கு மூடி போடற மாதிரி இருக்கும்."

மூத்தவளின் புருஷனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கட்டினவனே சிரித்தால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது? அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே வந்து இளையவள் கேட்டாள்: "அக்கா, மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கட்டுமா?"

"வேணாம். எரியறது மணிக்கட்டு இல்ல" என்றாள் மூத்தவள். இளையவளுக்குப் புரிந்ததோ என்னவோ, வெந்நீரை வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் தள்ளுவண்டிக்காரர் இடுப்புப் பிடிப்பென்று வரவில்லை. கீபோர்டுத் தட்டுகளைக் கண்ணாடி அறைக்கு யார் கொண்டுபோவது என்று குண்டூசி சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் தள்றேன் சார்" என்று மூத்தவள் முந்திக்கொண்டாள். உதவிசெய்யும் ஆசையெல்லாம் இல்லை. சிம்மாசனத்தில் அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது, பார்த்தாலும் இறங்காது.

அறை வாசலில் ஒரு பெட்டி இருந்தது. அதற்கு மேலே எழுதி ஒட்டியிருந்தது: 'கைபேசி, கடிகாரம், காந்தப் பொருள் உள்ளே கூடாது.' மூத்தவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கைபேசியைப் பெட்டியில் போட்டாள். கடிகாரம் அவளிடம் கிடையாது. காந்தப் பொருள் என்று ஏதோ பெரிய சாமானைச் சொல்கிறார்கள் என்று எண்ணி, மனசுத்தியோடு உள்ளே போனாள்.

"வாங்க அக்கா!" இளையவள் முகம் மலர்ந்தது. "இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, திரை நல்லாத் தெரியும்."

மூத்தவள் மேசையின் இடது ஓரத்தில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றாள். இளையவள் கீபோர்டை வைத்தாள், மிஷினைத் தட்டினாள். திரையில் வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளி எரிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா. இதுக்குப்போய் சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சிருக்காங்க."

அதுதான் மூத்தவளுக்குத் தாங்கவில்லை. 'இதுக்குப்போய்' என்கிறாள்! நாற்காலிக் கட்டையில் முழங்கை ஓய்வாகக் கிடக்கிறது. விரல் நகத்தில் சாயம்கூட அழியவில்லை. மூத்தவள் இன்னும் கிட்டே சாய்ந்து, அது என்ன, இது என்ன என்று கேட்டாள். எங்கேயாவது தப்பு பண்ணுவாளா என்று பார்ப்பதற்காகத்தான் கேட்டாள். இளையவளோ ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்தாள். கள்ளம் இருந்தாலாவது திட்டலாம். அதுவும் இல்லாதவளை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் குண்டூசி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, நீ பூஜ்யம் வச்சதை ஆடிப் பாத்தோம். திரையில நம்ம ஆள் சும்மா நிக்க மாட்டேங்கறான். யாரும் கை வைக்காமலே எடப்பக்கமா நடந்துபோய்க் குழியில விழறான்."

"சார், திரையில எல்லாம் பச்சையாத்தானே வந்துச்சு!"

"பச்சை வந்து என்ன பிரயோஜனம்? எடக்கைப் பொத்தான் எல்லாம் கோணல். எல்லாக் கீபோர்டும் இல்ல, சிலது. எது நல்லது, எது கெட்டதுன்னே தெரியல. திரும்ப வை."

வரிசையிலிருந்து இதைக் கேட்ட மூத்தவளுக்கு நாக்கில் சர்க்கரை வைத்தது போல இருந்தது. 'நான் நினைச்சேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாள் வண்டியை முன்னைவிட அடிக்கடி தள்ளினாள். இளையவள் வைத்ததையே திரும்பத் திரும்ப எடுத்து வைப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். 'பதறாத, மெதுவா வை' என்று புத்தி சொல்வது போல இன்னும் நெருங்கிச் சாய்ந்தாள். அவள் சாய்ந்து நின்ற வேளையில் வைத்ததெல்லாம் கோணல், அவள் இல்லாத வேளையில் வைத்தது நேர். எதை எப்போது வைத்தது என்று யாரும் பார்க்கவில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே அடுக்கில் கலந்து கிடந்தன.

வீட்டில் இளையவள் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் குரல் கேட்டது: "விடு, நாற்காலி போனா போவுது. நீ அழுதா எனக்கு வேலை ஓடாது." மூத்தவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். தான் அழுதால் தன் புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். தோற்றவளுக்கு இப்படி ஒரு ஆறுதல் கிடைக்குமென்றால் ஜெயித்து என்ன லாபம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தப் பொறாமை பழைய பொறாமையின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆட்டக்காரன் வருகிற அன்று காலையில் குண்டூசி முடிவாகச் சொல்லிவிட்டார். "இளையவ வண்டியைத் தள்ளட்டும். மூத்தவ வந்து உக்காரட்டும். இத்தனை நாளாக் கூடவே நின்னு பாத்திருக்கா இல்ல."

மூத்தவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவளை வாங்கிக்கொண்டது. கட்டையில் மணிக்கட்டை வைத்ததும் வலி இருந்த இடம் தெரியவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். உலகத்தில் சிலர் தினமும் இப்படித்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது!

ஆட்டக்காரனை அணியில் பூனை என்று கூப்பிடுவார்களாம். தொப்பி வைத்த சட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து நின்றான். வண்டியோடு நின்ற இளையவளைப் பார்த்து "அக்கா, கொஞ்சம் வழி விடுங்க" என்றான். மூத்தவளைப் பார்த்து "ஆரம்பிங்க ஆன்ட்டி" என்றான்.

இவள் அக்காவாம், நான் ஆன்ட்டியாம். இரண்டு பேருக்கும் வயசு வித்தியாசம் ஒரு கைக்குள் அடங்கிவிடும்! மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீபோர்டை எடுத்து வைத்தாள். திரையில் எழுத்து பொடியாக இருந்ததால் வயிறு மேசையில் இடிக்க முன்னால் குனிந்தாள். தட்டினாள். பச்சை எரிந்தது.

பூனை அதை எடுத்துப் பக்கத்து மேசையில் செருகி ஆட ஆரம்பித்தான். அடுத்த நொடியே கையைத் தூக்கிவிட்டான்.

"என்ன ஆன்ட்டி, குதிக்கிறான்!"

"யாரு?"

"ஆளு. நான் தொடவே இல்ல, தவளை மாதிரி குதிச்சிக்கிட்டே இருக்கான். ஸ்பேஸ் கீ தானா விழுது."

இன்னொன்றை வைத்தாள். அதுவும் குதித்தது. குண்டூசியின் பெரிய தலை வேர்த்தது. "எடப்பக்கம் நடந்துக்கிட்டிருந்தவன் இன்னைக்குக் குதிக்கறானே! இது என்ன வியாதியோ தெரியலயே" என்று பூனையின் தோளுக்கு மேலே எட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இளையவள் திரையைப் பார்க்கவில்லை. வண்டித் தட்டில் கிடந்த ஒரு ஸ்பிரிங் அவள் கையில் இருந்தது. அதை மேசை ஓரத்தில் வைத்தாள். ஸ்பிரிங் இருந்த இடத்திலேயே சிலிர்த்தது. பிறகு உருண்டது. உருண்டு, மேசை விளிம்பிலிருந்து தாவி, மூத்தவளின் ஏப்ரன் பையில் போய் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மூத்தவள் பையைக் கையால் பொத்திக்கொண்டாள். இடது ஓரத்தில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றதும், ஆள் இடப்பக்கம் நடந்ததும், இன்று வயிறு இடிக்க உட்கார்ந்ததும், நடுவில் இருக்கிற நீளப் பொத்தான் தானாக விழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கீபோர்டு சும்மாதான் இருந்திருக்கிறது, அவள் பையிலிருந்த காந்தத்தையும் சேர்த்துப் பதிந்துகொண்டிருக்கிறது. சும்மா இருக்க விடாதவள் அவள்தான். இப்போது இளையவள் வாயைத் திறப்பாள். திறந்தால் நாற்காலி மட்டுமில்லை, மானமும் போகும்.

இளையவள் வாயைத் திறந்தாள். "அக்கா, உள்ள புழுக்கமா இருக்கு. ஏப்ரனைக் கழட்டிக் கொடுங்க, வெளியே மாட்டிட்டு வரேன்."

வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "இன்னொரு தடவை வச்சுப் பாருங்க" என்றாள்.

மூத்தவள் வைத்தாள். பூனை ஆடினான். திரையில் ஆள் நின்றான். விரல் இறங்கினால் ஓடினான், விரல் எழுந்ததும் அந்த இடத்திலேயே ஆணி அடித்தது போல நின்றான். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"சூப்பர் ஆன்ட்டி! விரலுக்கு முன்னாடி இதுக்குத் தெரியுது" என்று பூனை குதித்தான்.

"அதான் அனுபவம்கறது" என்றார் குண்டூசி. "நாற்காலி இனிமே மூத்தவளுக்கு. நீ வரிசைக்குப் போம்மா."

இளையவள் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

மூத்தவள் நினைத்தது நடந்துவிட்டது. கூத்தாடியிருக்க வேண்டும். வீடு போய்ச் சேர்கிறவரைக்கும் இளையவள் எப்போது சொல்லப்போகிறாள் என்றுதான் காத்திருந்தாள். புருஷனிடம் சொல்வாள். மாமியாரிடம் சொல்வாள். இளையவளோ செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, அக்காதான் எல்லாத்தையும் சரி பண்ணாங்க. நாற்காலி அக்காவுக்கு" என்றாள்.

"அப்படியா! மூத்தவளும் தேறிட்டா பாரு" என்றாள் மாமியார்.

அடுப்படியில் மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்டி சொல்லல?"

"எதை அக்கா?"

"நடிக்காத. ஸ்பிரிங் ஓடினதைப் பாத்த இல்ல?"

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தேன். தெரிஞ்சா செஞ்சீங்க? நானும் வரிசையில இருந்தவதான, என் பையிலயும் காந்தம் இருந்துச்சு. அங்க மாறிப்போன அன்னைக்கு அதைக் கொட்டிட்டேன். உங்ககிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல. உங்க கையைத் தினமும் பாக்கறேன் அக்கா. நீங்களே உக்காருங்க. என் கைக்கு இன்னும் வயசிருக்கு."

மூத்தவள் பிடியை விட்டாள். வேறொருத்தியாக இருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். மூத்தவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டாள் என்றிருந்தேனே, இப்போது நல்லவள் என்கிற பெயரையும் எடுத்துக்கொண்டாள்! நாற்காலியில் சாயும்போதெல்லாம் இவள் போட்ட பிச்சையில் சாய வேண்டும். இவள் சுவிட்ச் வரிசையில் உட்கார்ந்து மூடி அழுத்துவாள், என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் கள்ளமும் இருக்காது. அதைவிட மணிக்கட்டு வீங்கினால் வீங்கட்டும்.

மறுநாள் கம்பெனிக்குள் நுழைந்ததும் மாட்டியிருந்த ஏப்ரனை எடுத்துக்கொண்டு நேராகக் குண்டூசியின் மேசைக்குப் போனாள். ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, அந்த உருண்டையை எடுத்து, மேசைமேல் நங்கென்று வைத்தாள். மேசையில் கிடந்த கிளிப்பும் ஊசியும் எல்லாம் ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டன.

"என்னம்மா இது, முள்ளம்பன்னி?"

"உங்க வியாதி சார். எடப்பக்கம் நடந்ததும் இதுதான், குதிச்சதும் இதுதான். நான் இடுப்புல கட்டிக்கிட்டுக் கூடவே நின்னேன். இளையவ வச்ச பூஜ்யத்துல ஒரு கோணலும் இல்ல."

குண்டூசி உருண்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபப்பட வாயைத் திறந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு கோபமும் பட்டார். கழித்த காந்தத்தை எவளும் பையில் போடக் கூடாது என்று வரிசை முழுக்கக் கத்திக்கொண்டே போனார். கலந்து கிடந்த கீபோர்டுகளுக்கெல்லாம் திரும்பப் பூஜ்யம் வைக்கச் சொன்னார். நாற்காலி இளையவளுக்கே என்றார். இதைச் சொன்னபோது மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். மத்தியானம் தள்ளுவண்டி மட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும், பழைய ஆள் இடுப்பு நிமிர்வதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

"ஏன் அக்கா சொன்னீங்க?" என்று இளையவள் ஓடிவந்து கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீ மட்டும்தான் நல்லவளா இருப்பியா? எங்களுக்கும் தெரியும்" என்று மூத்தவள் வெடுக்கென்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போனாள். டிக். அடுத்தது. டிக்.

கண்ணாடி அறையின் வாசலில் இப்போது நூலில் கட்டி ஒரு ஸ்பிரிங் தொங்குகிறது. உள்ளே போகிறவர்கள் அதை உரசினாற்போல நடக்க வேண்டும். யார் பக்கமாவது அது சாய்ந்தால் அவர்களிடம் காந்தம் இருக்கிறது என்று பொருள். பெண்கள் அதற்கு ஓரகத்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'ஓரகத்தி ஒத்துக்கிட்டாளா?' என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். மூத்தவள் காதில் விழும்படியே கேட்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் மூத்தவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளையவள் வேலையில் இருந்தாள். நாற்காலிச் சாய்மானத்தில் புதிதாக ஒரு குட்டித் தலையணை. பச்சை உறை, ஓரத்தில் வெள்ளைத் தையல். கொழுந்தன் வாங்கிக் கொடுத்திருப்பான். வேறு யார்? மூத்தவள் நன்றாகப் பார்ப்பதற்காகக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்ந்தாள்.

ஸ்பிரிங் அவள் பக்கமாக லேசாக ஆடியது.

சட்டென்று பையைத் தடவிப் பார்த்தாள். காலி. மின்விசிறிக் காற்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளினாள்.